மூலையில் நின்றவள்

லேத்துக்காரருக்கு வாயைத் திறந்தால் ஒரே கதைதான். கல்யாண வீடோ துக்க வீடோ, நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் போதும், மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கிவிடுவார். "நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது ஒரு பேரிங் வண்டி செஞ்சோம் பாருங்க..." இந்த இடத்திலேயே அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பெண். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கெல்லாம் துணி தைப்பவள். வீட்டில் இந்தக் கதை வந்தால் மெஷினை வேகமாக மிதித்து அவர் குரலை அமுக்கப் பார்ப்பாள். அமுங்குகிற குரலா அது? பகல் முழுக்க லேத்துப் பட்டறை இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை.

கதை இதுதான். அவர்கள் தெரு ஒரு சரிவு. மேலே தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே இறங்கி, கீழே பெரிய ரோட்டில் போய் முட்டும். அவர் பிறந்ததும் அந்தத் தெருவில், இன்றைக்கு இருப்பதும் அதே வீட்டில். சின்ன வயதில் ஒரு பொம்மை வாங்கித் தர ஆளில்லை. இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிட்டது? லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று, மெக்கானிக்குகள் தூக்கிப் போடும் தேய்ந்த பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி வருவார்கள். பழப்பெட்டியை உடைத்தால் பலகை. குறுக்கே இரண்டு கட்டைகள். கட்டை முனையைக் கத்தியால் சீவிச் சீவி, பேரிங் ஓட்டைக்குள் இறுக்கமாக அடித்து ஏற்றவேண்டும். முன்கட்டையின் நடுவில் ஒரே ஒரு போல்ட். கட்டைமேல் இரண்டு காலையும் வைத்து ஒரு பக்கம் மிதித்தால், வண்டி மறுபக்கம் திரும்பும். பிரேக்கா? அதெல்லாம் யார் கண்டது!

"அந்தச் சத்தம் இருக்கே, அத வாயால சொல்ல முடியாதுங்க," என்பார். "தெருவே அதிரும். பல்லு கிடுகிடுன்னு ஆடும். முட்டில தோலு இருக்காது. பொம்பளைங்க வாசலுக்கு வந்து கண்டபடி திட்டுவாங்க. நான் காதுல வாங்கினாத்தான! இப்ப இருக்குற பிள்ளைங்களுக்குக் கடைல ஆயிரம் சாமான் வாங்கிக் குடுக்குறோம், அந்தச் சந்தோஷம் வருமா சொல்லுங்க?"

இதற்குப் பிறகு அக்கா வருவாள். கீழே பெரிய ரோடு இருப்பதால் அவருடைய அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். அக்கா மூலையில் நின்றால் வண்டி விடலாம், இல்லாவிட்டால் பலகை அடுப்புக்குள் போகும். ஆகவே அவரைவிடச் சில வயது மூத்த அக்கா தெருமுனையில், ரோட்டைப் பார்த்தபடி நிற்பாள். கையைத் தூக்கியிருந்தால் ஏதோ வருகிறது, பொறு. கையை இறக்கினால் ரோடு காலி, விடு வண்டியை. மேலே இருப்பவர்களுக்கு அவள் முதுகும் பின்னலும் தூக்கிய கையும்தான் தெரியும். வண்டி சரிந்து வந்து வேகம் ஓய்ந்து, அவள் காலுக்குப் பின்னால் நிற்கும். சில நாள் அவளையும் தாண்டி ரோட்டில் ஏறிவிடும். அப்போது விழுந்த பெயர்தான் சிக்னல். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை வேலைக்கும் போய்விட்டான். தெருவுக்கு அவள் இன்னும் சிக்னல் அக்காதான்.

"ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். சரின்னு எங்க கூட்டத்துல ஒரு குண்டுப்பையன நிக்க வெச்சோம். அந்தப் படுபாவி ரோட்டப் பாக்காம, திரும்பி நின்னு வண்டி வர்றத வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கிறான்! நேரா ஒரு சைக்கிள்காரர் மேல விட்டேன். அவரு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், நான் சாக்கடைல." கேட்பவர்கள் இங்கே சிரிக்கவேண்டும். சிரித்து முடித்ததும் அவர் அக்கா பக்கம் திரும்புவார். "நம்பலன்னா அக்காவக் கேளுங்க. தினம் பாத்தவ அவதான். சொல்லுக்கா, நான் எப்படி வருவேன்?"

அக்கா கைவேலையை நிறுத்தாமல் சொல்வாள். "பறந்துதான் வருவான்."

அதோடு கதை முடியும். லேத்துக்காரர் முகத்தில் அப்போது வருகிற பெருமையைப் பார்க்கவேண்டுமே!

அந்த அக்கா ஊரைவிட்டுப் போகிற நாள் வந்தது. மகனுக்கு விமானம் ஏறிப் போகிற தூரத்தில் வேலை. நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று பிடித்த பிடியில் நின்றான். அவள் புருஷன் முன்னாலேயே மகனிடம் விமானம் ஏறிவிட்டார். இரண்டு தெரு தள்ளியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசி வாரம் தம்பி வீட்டில் தங்க வந்தாள் அக்கா. இனி எப்போது வருவாளோ, வருவாளோ மாட்டாளோ. லேத்துக்காரர் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். பட்டறையில் அவர் கை மெஷினில் மாட்டிக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்து சோறு ஊட்டியவள் அவள்தான். அவர் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். எதற்கும் அவள் இருந்தாள். இருக்கிற வரைக்கும் யாருக்கு அது பெரிதாகத் தெரிகிறது?

ஒரு சாயங்காலம் அக்கம்பக்கத்தார் அவளிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். லேத்துக்காரர் விடுவாரா? பேரிங் வண்டியை எடுத்துவிட்டார். மனைவி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். சைக்கிள்காரர் வந்தார், சாக்கடை வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிராமல், "பறந்துதான் வருவான்" என்று சொல்லிவிட்டாள்.

அவர் மகள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஜடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அத்த, நீங்க வண்டில போறப்ப யாரு சிக்னல்?" என்றாள்.

"நானா? நான் எங்கடி போனேன்?"

"ஒரு தடவகூடவா போகல?"

"நான் ஏறிட்டா மூலைல யாரு நிக்கிறது?" என்று அக்கா சிரித்தாள். வந்தவர்களும் சிரித்தார்கள். தையல் மெஷின் மட்டும் சட்டென்று நின்றது. அவர் மனைவி தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள்.

லேத்துக்காரருக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஒரு தடவைகூடவா? தெருவில் எல்லோரும் ஏறினார்கள். குண்டுப்பையன் ஏறினான். பால்காரர் மகன் ஏறினான். அடுத்த தெருவிலிருந்து வந்த, பெயர்கூடத் தெரியாத ஒருவன், ஒரு பேரிங் கொடுத்தான் என்பதற்காக நாள் முழுக்க ஏறினான். அக்கா ஏறியது ஞாபகம் வருகிறதா என்று துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அவள் கேட்டாளா? கேட்ட ஞாபகமும் இல்லை. கேட்டு, போக்கா அந்தப் பக்கம் என்று சொல்லியிருப்போமோ? அதுவும் தெரியவில்லை. தெரியாததுதான் அவரைப் போட்டு வாட்டியது. இத்தனை வருஷமாக ஊரைக் கூட்டி வைத்துச் சொன்ன கதை. அதில் அக்கா ஒரு கைதான். தூக்கும், இறக்கும், அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

வந்தவர்கள் போனதும் மனைவி பக்கத்தில் வந்தாள். "இத்தன வருஷம் கத சொன்னீங்களே, அவங்கள ஒரு தடவ ஏத்தணும்னு தோணலயா?"

"சின்னப் பசங்கடி. அப்ப என்ன தெரியும்?"

"அப்பத் தெரியல. சரி. அதுக்கப்புறம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பெண்களுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உள்ளே போகத் தெரியும். கேட்கப்பட்டவன்தான் நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

மறுநாள் பட்டறைக்குப் போனவர் நேராகப் பழைய இரும்புக் குவியலில் போய் உட்கார்ந்தார். நல்ல பேரிங்குகளாகத் தேடிப் பொறுக்கினார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். அக்கா போவதற்குள் ஒரு வண்டி செய்து அவளை ஒரு தடவை ஏற்றி அனுப்பிவிடவேண்டும். வேறு எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, வயசு திரும்புதா?" என்றார். லேத்துக்காரர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாதது அந்தப் பட்டறையில் அதிசயம்.

வண்டி செய்வதில் ஒரு தப்பு செய்தார், அது அப்போது தப்பாகத் தெரியவில்லை. சின்ன வயதில் கட்டை முனையைக் கத்தியால் சீவி அடித்தது கோணல்மாணலாகத்தான் இருக்கும். வண்டி ஆடி அசைந்து, உரசிக்கொண்டு வரும். இப்போது அவர் தேர்ந்த கைகாரர். சும்மா செய்வாரா? இரும்புத் தண்டை லேத்தில் ஏற்றி, முடியளவு பிசகாமல் கடைந்து, பேரிங்கில் கச்சிதமாக உட்கார வைத்தார். கிரீஸ் போட்டார். ஒரு விரலால் சுண்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கவே மாட்டேன் என்றது. அதைப் பார்த்து அவருக்குப் பெருமை வேறு. உட்காருகிற பலகைக்கு மேல், மனைவியைக் கேட்காமல் எடுத்துவந்த பஞ்சுத் துண்டை வைத்து ஆணி அடித்தார்.

அக்காவிடம் வண்டியைக் காட்டியதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "யாருக்குடா இது?"

"உனக்குத்தான்."

"உனக்கென்ன கிறுக்கா? என் வயசென்ன? ஊர் போற நேரத்துல கால ஒடச்சுக்கிட்டுப் போகவா?"

"ஒரே ஒரு தடவக்கா."

"ஆள விடுடா சாமி."

அவர் விடவில்லை. சாப்பிடும்போது கேட்டார், பெட்டி அடுக்கும்போது கேட்டார், மகளை விட்டுக் கேட்கச் சொன்னார். அக்கா சிரிப்பாள், மறுப்பாள், பேச்சை மாற்றுவாள். கடைசியில் ஒரு தரம் அவர் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. "நீ ஏறாமப் போயிட்டா எனக்கு அந்தக் கதைய இனிமே சொல்லவே முடியாதுக்கா." அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, ஒரு தடவ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் தெருவே கூடிவிட்டது. சிக்னல் அக்கா பேரிங் வண்டி விடப்போகிறாள் என்றால் சும்மாவா? பால்காரர் மகன் தலை நரைத்துப்போய்த் தன் பிள்ளைகளோடு வந்து நின்றான். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே வந்தார்கள். லேத்துக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைப் பலகையில் உட்கார வைத்தார். புடவை சக்கரத்தில் மாட்டாமல் மனைவி சுருட்டிச் செருகிவிட்டாள். காலை முன்கட்டையில் எப்படி வைக்கவேண்டும், எந்தப் பக்கம் மிதித்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் சொல்லத் தொடங்கியதும், "எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. அவள் கண் சின்னப் பெண்ணின் கண்ணாக இருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அவர் இரண்டு கையாலும் அவள் முதுகில் வைத்துத் தள்ளினார். வண்டி புறப்பட்டது.

அப்பா, அந்தச் சத்தம்! லேத்துக்காரர் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்கா முதலில் "அய்யய்யோ" என்றாள், அப்புறம் சிரித்தாள். அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. வண்டி வேகம் பிடித்தது. பிடித்துக்கொண்டே போனது. கச்சிதமாகக் கடைந்த தண்டில் கிரீஸ் போட்ட பேரிங், எங்கே உரசும், எங்கே ஓயும்? பாதித் தெரு தாண்டியதும் சிரிப்பு நின்றது. அக்கா கத்தினாள். மேலே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"மூலைல யாருடா நிக்கிறா?"

யாருமில்லை. தெரு முழுக்க மேலே நின்றது. மூலையில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அங்கே நிற்கிறவள் எப்போதும் நிற்பாள். நிற்கிறவளைத்தான் வண்டியில் ஏற்றித் தள்ளிவிட்டிருந்தார்கள். வண்டியில் உட்கார்ந்தும் அக்காவின் கண் மட்டும் பழக்கத்தில் மூலைக்குப் போனது.

லேத்துக்காரர் "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். ஓடி என்ன பிரயோஜனம்? அக்கா இரண்டு காலாலும் ஒரு பக்கமாக மிதித்தாள். வண்டி சடாரென்று திரும்பி, புதிதாக வீடு கட்டுகிற இடத்தில் குவித்திருந்த மணலில் போய்ச் செருகியது. அவள் உருண்டு விழுந்தாள். அதே நேரம் ஒரு தண்ணீர் லாரி ஹாரன்கூட அடிக்காமல் தெருமுனையை அடைத்துக்கொண்டு கடந்து போனது. லேத்துக்காரர் ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு. கட்டுப் போட்டு அனுப்பினார். கிளினிக்கிலிருந்து வீடு வரைக்கும் மனைவி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "நாளைக்குப் பிளேன் ஏறுற மனுஷி. ஒங்க மச்சானுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? ஒங்க பாவத்தக் கழுவ அவங்க கையா கெடச்சுது?" அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்துவிட்டார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எழுந்து வேறு பக்கம் போனார். மணலையும் லாரியையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தார். மணல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்?

விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தார். அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள்.

"அத ஏன்டா பிரிக்கிற?"

"அடுப்புல வெக்கப் போறேன். அம்மா அன்னிக்கே வெச்சிருக்கணும்."

"பாதிதான ஆச்சு," என்றாள் அக்கா. "மீதிப் பாதி இருக்குல்ல?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உனக்கு இன்னும் பத்தலயாக்கா? நேத்து நான் ஒன்னக் கொன்னிருப்பேன். தெரியுமா?"

"தெரியும். நான்தான லாரியப் பாத்தேன்." அவள் படியில் உட்கார்ந்தாள். "நேத்து நான் ஏறினது ஒன் மனசு ஆறட்டும்னு. ஊருக்குப் போற நேரத்துல ஒம் மூஞ்சியப் பாக்க சகிக்கல, அதனால ஏறினேன். ஆனா ஏறினப்புறம்..." கட்டின் நுனியை உள்ளே செருகிக்கொண்டாள். "நல்லா இருக்குடா. இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு எனக்காக ஏறுறேன்."

லேத்துக்காரரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. எத்தனை தடவை அவள் எதிரிலேயே உட்கார்ந்து அந்தச் சந்தோஷத்தைப் பற்றி அளந்திருக்கிறார்! "கை?" என்றார் மெதுவாக.

"கையா ஓட்டுது? காலுதான ஓட்டுது. மூலைல மட்டும் ஒரு ஆளு வேணும்."

"நான் நிக்கிறேன்."

"நின்னா திரும்பக் கூடாது. ரோட்டத்தான் பாக்கணும். குண்டுப்பையன் மாதிரி வாயப் பொளந்துட்டு நின்னா நான் லாரிக்கடில போயிருவேன்."

"திரும்ப மாட்டேன்க்கா."

பிரிக்க எடுத்த ஸ்பேனரால் பின்சக்கரத்தை இறுக்கினார். கிரீஸைத் துடைத்து, பேரிங்கில் ஒரு பிடி மண்ணைத் தூவினார். இத்தனை அழகாகக் கடைந்ததில் மண்ணைப் போட அந்தக் கை கூசத்தான் செய்தது. ஆனால் இப்போது வண்டி உரசியது. நிதானமாகத்தான் போகும்.

தெரு இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. மேலே அக்காவும் அவர் மனைவியும் மகளும் மட்டும். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், இருந்தாலும் புடவையைச் செருகிவிட அவள்தான் வேண்டியிருந்தது. லேத்துக்காரர் சரிவில் இறங்கி மூலைக்குப் போனார். அக்கா நின்ற இடத்தில், ரோட்டோரம், மேலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையைத் தூக்கினார்.

பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறவர், இந்த இடத்தில் இப்படி நின்றதில்லை. வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. பஸ் ஒன்று புகையை முகத்தில் ஊதிவிட்டுப் போனது. ரோட்டில் போனவர்கள் இவர் எதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு பக்கம் காலியானால் இன்னொரு பக்கம் ஏதாவது வந்தது. தூக்கிய கை கொஞ்ச நேரத்திலேயே கடுக்க ஆரம்பித்தது. அக்கா ஒரு சாயங்காலம் முழுக்க நிற்பாள். லீவு நாளில் காலையிலிருந்து நிற்பாள். போதும்டா, இருட்டிருச்சு என்று அவள் சொல்கிறவரைக்கும் இவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

ரோடு காலியானது. கையை இறக்கினார். பின்னால் சத்தம் கேட்டது.

முதலில் மெல்லிய கரகரப்பு. பிறகு அது பெரிதானது. காலடியில் தரை அதிர்வது தெரிந்தது. மேலே மகள் "அத்த! அத்த!" என்று கத்தினாள். அக்காவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அப்புறம் அவள் சிரித்தாள். நேற்றுக் கேட்ட அதே சிரிப்பு, இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை. நெருங்கி நெருங்கி வந்தது. லேத்துக்காரருக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் முகம் இப்போது எப்படி இருக்கும்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி திரும்பினால் என்ன? அதற்குள் வளைவில் ஒரு வேன் வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்கு எதிரில் போய் நின்றார். வேன்காரர் பிரேக் அடித்துவிட்டு, "யோவ், காலங்காத்தால சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினார். லேத்துக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து, சத்தம் தளர்ந்து, எதுவோ அவர் குதிகாலில் மெதுவாக இடித்து நின்றது.

அப்போதுதான் திரும்பினார். வண்டி நின்றிருந்தது. அக்கா கலைந்த தலையோடு அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பாத்தியாடா?" என்றாள். "எப்படி வந்தேன், பாத்தியா?"

"இல்லக்கா," என்றார் அவர். "ரோட்டப் பாத்துட்டிருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கியது. வேன்காரர் திட்டிக்கொண்டே அவர்களைச் சுற்றிப் போனார். லேத்துக்காரருக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"அக்கா. அப்படின்னா நீ... நான் வர்றத நீ பாத்ததே இல்லையா?"

"எங்கடா பாக்குறது? திரும்பினா ரோட்ட யாரு பாப்பா?"

"ஒரு நாள்கூட?"

"நின்னப்புறம் பாப்பேன். நீ எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு நிப்ப."

"அப்பறம் ஏன்க்கா எல்லார்கிட்டயும் பறந்து வருவான்னு சொன்ன? நான் கேக்குறப்பல்லாம் சொன்னியே!"

"சத்தம் கேக்குமே," என்றாள் அக்கா. "நீ சிரிக்கிறதும் கேக்கும். பறந்தாத்தான அப்படிச் சிரிப்ப?" நல்ல கையை ஊன்றி எழுந்து, முன்கட்டையில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இந்தா, இழுத்துட்டு வா. டாக்ஸி வந்துரும்."

அவர் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். ஏற்றத்தில் அது கனத்தது. இதையும் அவள்தான் இழுத்துக் கொண்டுவந்து கொடுப்பாள் என்பது பாதித் தெருவில் ஞாபகம் வந்தது. கதையில் அவர் அதையும் சொன்னதில்லை. மேடு ஏறி முடிக்கிறவரை அவர் தலை நிமிரவில்லை.

பெட்டிகளை வாசலுக்குக் கொண்டு வந்து வைக்கும்போது போன் அடித்தது. மச்சான். கையில் கட்டு, பேரிங் வண்டி, எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. லேத்துக்காரர் திட்டு வாங்கத் தயாராகப் போனைக் காதில் வைத்தார். மச்சானோ சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, உங்க அக்கா இந்த வயசுல வண்டி விட்டாளாமே! நெஜமாவா? எப்படி வந்தா?"

லேத்துக்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் பெட்டி ஜிப்போடு ஒற்றைக் கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பறந்து வந்தா மச்சான்," என்றார். "நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்."

அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவேண்டியிருந்தது. அக்கா இதை எத்தனை வருஷமாக, கைவேலையைக்கூட நிறுத்தாமல், அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்! அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா நிமிரவில்லை. "பேசுனது போதும்," என்றாள். "வந்து இந்த ஜிப்ப இழுத்து மூடுடா."